ஸ்கஸி: பெயர் மறைத்த மனிதர்கள்

லினக்ஸ் ஓடும் கணினியில் வன்தட்டுக்குப் பெயர் எஸ்.டி.ஏ. இன்னொரு தட்டு இருந்தால் அது எஸ்.டி.பி. அதற்கும் மேல் ஒரு பென் டிரைவைச் செருகினால் எஸ்.டி.சி. கடைசி எழுத்து வரிசைக்காக வந்தது. அதில் ஆராய ஒன்றுமில்லை. முதல் இரண்டு எழுத்துக்குப் பொருள் கேட்டால் ‘ஸ்டோரேஜ் டிவைஸ்’ என்பார்கள் சிலர், ‘சாட்டா டிஸ்க்’ என்பார்கள் வேறு சிலர். இரண்டும் காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. இரண்டும் தவறு. அது ‘ஸ்கஸி டிஸ்க்’.

ஸ்கஸி 1980களில் பரவிய ஓர் இணைப்புமுறை. ஐம்பது கம்பிகள் கொண்ட அதன் பட்டைக் கேபிள் இன்றைய மடிக்கணினி எதிலும் இல்லை. பென் டிரைவில் அது ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் பெயர் பொய் சொல்லவில்லை. தட்டிடம் கணினி ஒன்றைக் கேட்கும்போது லினக்ஸின் அந்த அடுக்கில் பேசப்படும் மொழி இன்றும் ஸ்கஸிதான். கம்பி போய்விட்டது, கட்டளைகள் நிலைத்துவிட்டன. இந்த நிலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே பின்தொடரப் போகிறேன்.

எழுத்துச்சுருக்கத்துக்கு வேர் தேட வேண்டியதில்லை, விரித்துச் சொன்னால் போதும் என்று நாம் நினைக்கிறோம். எஸ்.சி.எஸ்.ஐ. என்பதை விரித்தால் ‘ஸ்மால் கம்ப்யூட்டர் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்’ என்று வரும்: சிறு கணினிகளுக்கான இணைப்புமுறை. ஆனால் இந்த விரிவு பிறப்பில் இருந்ததில்லை. ‘ஸ்மால் கம்ப்யூட்டர்’ என்ற இடத்தில் முதலில் வேறு இரண்டு சொற்கள் இருந்தன. இங்கே விரிவுதான் வரலாற்றை மறைக்கும் திரை.

கட்டளை என்ற ஒன்று வருவதற்கு முன் தட்டை எப்படி ஆட்டி வைத்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்தப் பெயரின் மதிப்பு புரியும். 1980இல் வெளியான எஸ்.டி.-506 என்ற ஐந்தேகால் அங்குல வன்தட்டை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு ஐந்து மெகாபைட். நான்கு தலைகள், 153 சிலிண்டர்கள். இந்தத் தட்டுக்கு உத்தரவு என்று எதையும் அனுப்ப முடியாது. 34 கம்பிகள் கொண்ட ஒரு கேபிளும் 20 கம்பிகள் கொண்ட இன்னொரு கேபிளும் அதிலிருந்து புறப்பட்டு, கணினிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு அட்டையில் போய்ச் சேரும். ஒரு கம்பி திசையைச் சொல்லும்: தலை உள்ளே போக வேண்டுமா, வெளியே வர வேண்டுமா. இன்னொரு கம்பியில் ஒரு துடிப்பு அனுப்பினால் தலை ஒரு தடம் நகரும். பத்தாவது தடத்திலிருந்து நூறாவது தடத்துக்குப் போக வேண்டுமென்றால் அட்டை தொண்ணூறு துடிப்புகளை எண்ணி அனுப்ப வேண்டும். எந்தத் தலையால் படிப்பது என்பதற்குத் தனிக் கம்பிகள். தலை போய் நின்றபின், சுழலும் தட்டில் வேண்டிய பகுதி அடியில் வரும்வரை அட்டையே காத்திருக்க வேண்டும். பரப்பிலிருந்து வரும் பச்சை மின்னலையைப் பிரித்து அதில் பூஜ்யம் எது, ஒன்று எது என்று கண்டுபிடிப்பதும் அட்டையின் வேலை. பிழை நேர்ந்ததா என்று சரிபார்ப்பதும் அதன் தலையில்தான்.

இதனால் ஒரு பெரிய தொல்லை இருந்தது. தட்டில் எத்தனை தலை, எத்தனை சிலிண்டர், ஒரு தடத்தில் எத்தனை பகுதி என்பதெல்லாம் வெளியே இருக்கும் அட்டைக்கும் மென்பொருளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தட்டை மாற்றினால் அந்த அறிவையும் மாற்ற வேண்டும். தட்டு செய்கிறவர் அதன் உள்ளமைப்பைத் திருத்தினால், அதை வாங்கும் ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தைத் திருத்த வேண்டும்.

பெரிய கணினிகளின் உலகத்தில் இதற்கு விடை முன்பே இருந்தது. ஐ.பி.எம். 1964இல் அறிவித்த சிஸ்டம்/360இல் ‘சேனல்’ என்ற ஏற்பாடு உண்டு. மையச் செயலி எட்டு பைட் நீளமுள்ள ஒரு கட்டளைச் சொல்லை நினைவகத்தில் எழுதி வைக்கும்: என்ன செய்ய வேண்டும், நினைவகத்தில் எந்த இடம், எத்தனை பைட். அதைப் படித்து, தட்டோடும் நாடாவோடும் மல்லுக்கட்டுவது சேனலின் பொறுப்பு. செயலி தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அருமையான யோசனைதான், ஆனால் அது அறையை அடைக்கும் இயந்திரங்களுக்கும் அவற்றை வாங்கக்கூடிய நிறுவனங்களுக்கும் உரியதாக இருந்தது. மேசைமேல் வைக்கும் கணினிக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

இனி நம் பெயரின் முதல் எழுத்துக்கு வருவோம். அந்த ‘எஸ்’ முதலில் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. ஆலன் ஷூகார்ட் 1930இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், 1951இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். 1956இல் உலகின் முதல் வன்தட்டை வெளியிட்டது அந்த நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுக்கூடம்: ஒவ்வொன்றும் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், மொத்தம் ஐம்பது லட்சம் எழுத்துகளுக்கு இடம். ஷூகார்ட் அந்தத் தொழில்மரபில் தேறியவர். 1969இல் மெமோரெக்ஸுக்குப் போனார். 1973இல் ஷூகார்ட் அசோசியேட்ஸ் என்று தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதிலிருந்து வெளியேறினார். மனிதர் போனார், பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

1976இல் அந்த நிறுவனம் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியைக் கொண்டுவந்தது. ஃபிளாப்பி டிரைவை இணைக்கும் கம்பி ஏற்பாட்டுக்கு ‘ஷூகார்ட் பஸ்’ என்றே தொழில் வட்டாரத்தில் பெயர் நிலைத்தது. நான் மேலே சொன்ன துடிப்பு எண்ணும் முறை அதன் வழிவந்ததுதான். 1977இல் ஜெராக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஷூகார்ட்டோ கொஞ்ச காலம் சால்மன் மீன்பிடிப் படகும் ஒரு மதுக்கூடமும் வைத்திருந்தார். 1979இல் ஃபினிஸ் கானரோடு சேர்ந்து மறுபடி தட்டுத் தொழிலுக்குத் திரும்பினார். புதிய நிறுவனத்துக்கு ஷூகார்ட் டெக்னாலஜி என்று பெயர் வைத்தார்கள். ஜெராக்ஸ் கையில் இருந்த பழைய நிறுவனத்தின் பெயரோடு அது மோதியது. ஆகவே மாற்றினார்கள்: சீகேட் டெக்னாலஜி. எஸ்.டி.-506 என்ற தட்டைச் செய்தது இந்த சீகேட்தான். பெற்றோர் வைத்த பெயரைத் தன் சொந்த நிறுவனத்துக்கு ஒருவர் வைக்க முடியாமல் போன கதை இது.

அதே 1979இல், ஷூகார்ட் இல்லாத ஷூகார்ட் அசோசியேட்ஸில், லாரி பௌச்சர் என்ற பொறியாளர் தலைமையில் ஒரு குழு புதிய இணைப்புமுறை ஒன்றைச் செய்யத் தொடங்கியது. பெரிய கணினிகளின் சேனல் யோசனையைச் சிறிய இயந்திரங்களுக்கு மலிவாக இறக்கிக் கொண்டுவருவதுதான் அவர்கள் செய்தது. தட்டுக்கும் கணினிக்கும் நடுவே அறிவுள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. கணினி அதற்குத் துடிப்பு அனுப்பாது. ஆறு பைட்டில் ஒரு கட்டளை அனுப்பும். தலை, தடம் எல்லாம் பலகையின் பாடு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஷூகார்ட் அசோசியேட்ஸ் சிஸ்டம்ஸ் இன்டர்ஃபேஸ்’. சுருக்கம் எஸ்.ஏ.எஸ்.ஐ.; வாயில் அது ‘ஸாஸி’. 1981இல் பொதுவில் வெளியானது. இந்தப் பெயரில் நிற்கும் ஷூகார்ட், பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து போய்விட்ட ஒருவர். ஆக்கிய பௌச்சரின் பெயர் அதில் எந்த எழுத்திலும் இல்லை. பௌச்சரும் 1981இல் வெளியேறி அடாப்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் உலகெங்கும் விற்ற ஸ்கஸி அட்டைகளில் பெரும்பங்கு அவர்களுடையது.

அந்த ஆறு பைட்டைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. 08, 00, 12, 34, 04, 00. இது ஒரு முழுக் கட்டளை. எண்கள் ஹெக்ஸாடெசிமலில் உள்ளன. முதல் பைட் 08 என்றால் ‘படி’. அடுத்த மூன்று பைட்டில், முதல் மூன்று பிட் போக மீதி இருபத்தொரு பிட்டில், எந்தத் துண்டிலிருந்து தொடங்குவது என்ற எண் இருக்கிறது. இங்கே 1234, நம் கணக்கில் 4660. ஐந்தாம் பைட் எத்தனை துண்டு என்பது: நான்கு. கடைசிப் பைட் சில சிறு குறிப்புகளுக்கு. ‘4660ஆம் துண்டிலிருந்து நான்கு துண்டுகளைப் படித்துக் கொடு’ என்பதுதான் செய்தி. எந்தத் தலை, எந்த சிலிண்டர் என்று ஒரு சொல்லும் இல்லை. தட்டு முழுவதும் பூஜ்யத்திலிருந்து வரிசையாக எண்ணிட்ட துண்டுகளின் நீண்ட நிரல்; அவ்வளவுதான் கணினிக்குத் தெரிய வேண்டியது. உள்ளே தட்டு எப்படி வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். தட்டே இல்லாமல் போனாலும் கவலையில்லை. பின்னாளில் ஃபிளாஷ் நினைவகம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தபோது, மென்பொருள் அடுக்குகள் கலையாமல் இருந்ததற்கு இந்த ஒரு முடிவே காரணம் என்பது என் துணிபு.

இருபத்தொரு பிட்டில் 20,97,152 துண்டுகளுக்குத்தான் எண் கொடுக்கலாம். ஒரு துண்டுக்கு 512 பைட் என்றால் ஒரு ஜிகாபைட்டில் எல்லை வந்துவிடும். ஆகவே பத்து பைட், பன்னிரண்டு பைட், பதினாறு பைட் நீளமுள்ள கட்டளைகள் பின்னால் வந்தன. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ளவர்களுக்கு இங்கே ஒரு நல்ல விருந்து இருக்கிறது. ஆறு பைட் ‘படி’யின் எண் 08. பத்து பைட் ‘படி’ 28. பன்னிரண்டு பைட் ‘படி’ ஏ8. பதினாறு பைட் ‘படி’ 88. எல்லாம் எட்டில் முடிகின்றன. ‘எழுது’ என்ற கட்டளையோ 0ஏ, 2ஏ, ஏஏ, 8ஏ. எல்லாம் ஏயில் முடிகின்றன. இது தற்செயலாக நேர்ந்ததில்லை. கட்டளை எண்ணின் முதல் மூன்று பிட்டும் அதன் நீளம் எந்த வகை என்பதைச் சொல்கின்றன. மீதி ஐந்து பிட்டும் வினையைச் சொல்கின்றன. ‘நட’ என்ற பகுதி நடந்தான், நடக்கிறாள், நடப்போம் எல்லாவற்றிலும் நிற்பதுபோல, 1981இன் எட்டு இன்றைய டெராபைட் தட்டுக்குப் போகும் கட்டளையிலும் நிற்கிறது. ‘தயாரா?’ என்று கேட்கும் 00, ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்கும் 03 ஆகிய இரண்டும் ஸாஸியில் இருந்த அதே எண்களோடு இன்றும் வழக்கில் உள்ளன.

ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு பொதுவழக்காக வேண்டுமென்றால் தரநிலைக் குழுவிடம் போக வேண்டும். ஷூகார்ட் அசோசியேட்ஸும் என்.சி.ஆர். நிறுவனமும் சேர்ந்து ஸாஸியை அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் எக்ஸ்3டி9.2 என்ற குழுவிடம் கொண்டுபோயின. 1982இல் குழு அதை எடுத்துக்கொண்டது. ஆனால் தரநிலையின் தலைப்பில் ஒரு வணிக நிறுவனத்தின் பெயர் நிற்க முடியாது. ‘ஷூகார்ட் அசோசியேட்ஸ்’ எடுக்கப்பட்டது. ‘ஸ்மால் கம்ப்யூட்டர்’ வந்தது. ‘சிஸ்டம் இன்டர்ஃபேஸ்’ ஏறக்குறைய அப்படியே நின்றது. மனிதரின் பெயரில் தொடங்கிய ‘எஸ்’ ஓர் அடைமொழியின் ‘எஸ்’ ஆயிற்று.

உச்சரிப்புக்கும் ஒரு கதை உண்டு. எஸ்.சி.எஸ்.ஐ. என்ற நான்கு எழுத்தையும் ஆங்கிலத்தில் ‘செக்ஸி’ என்று சொல்ல வேண்டும் என்பது பௌச்சரின் விருப்பம். குழுக்களில் பங்கெடுத்த டால் ஆலன் ‘ஸ்கஸி’ என்றார். ஆங்கிலத்தில் அதற்கு அழுக்கடைந்தது, அருவருப்பானது என்று பொருள். நிலைத்தது அதுதான். நல்ல வேளை என்றே சொல்வேன். விளம்பரக் கவர்ச்சிக்காக வைத்த உச்சரிப்பு ஒரு தலைமுறைக்குள் கூசிப்போயிருக்கும்.

1986இல் தரநிலை அச்சானது. அதே ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மேக்கின்டாஷ் பிளஸின் பின்புறத்தில் ஸ்கஸி துளை இருந்தது. அதுவரை மேக்கில் அது இல்லை. ஒரே கேபிளில் எட்டு கருவிகள் வரை தொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஓர் எண். ஒரே நேரத்தில் இருவர் பேச வந்தால் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. வன்தட்டு மட்டுமல்லாமல் நாடா, ஸ்கேனர், சி.டி. எல்லாம் அந்தக் கேபிளில் வந்தன. ஆகவே ‘நீ யார்?’ என்று கேட்கும் கட்டளை தேவையாயிற்று. அதன் எண் 12. கேட்கப்பட்ட கருவி முதலில் தன் இனத்தைச் சொல்லும்: 0 என்றால் தட்டு, 1 என்றால் நாடா, 2 என்றால் அச்சுப்பொறி, 5 என்றால் சி.டி. பிறகு செய்தவர் பெயருக்கு எட்டு எழுத்து இடம், கருவியின் பெயருக்குப் பதினாறு எழுத்து இடம். இந்த எட்டெழுத்து இடத்தை நினைவில் வையுங்கள்.

ஸ்கஸி மேட்டுக்குடியாக இருந்தது; அட்டையும் தட்டும் விலை அதிகம். சாதாரணக் கணினிகள் வேறொரு பெயரின் வழியில் வளர்ந்தன. ஐ.பி.எம். 1984 ஆகஸ்டில் பி.சி./ஏ.டி. என்ற மாதிரியை வெளியிட்டது. ஏ.டி. என்றால் ‘அட்வான்ஸ்டு டெக்னாலஜி’, மேம்பட்ட தொழில்நுட்பம். அதில் இருபது மெகாபைட் வன்தட்டு. அதை ஆட்டிவைத்தது வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஒரு கட்டுப்பாட்டு அட்டை. செயலி அந்த அட்டையோடு பேசியது எட்டுப் பதிவகங்கள் வழியாக, 1எஃப்0 முதல் 1எஃப்7 வரை. ஒன்றில் எத்தனை துண்டு என்று எழுத வேண்டும், ஒன்றில் துண்டின் எண், இரண்டில் சிலிண்டர், ஒன்றில் தலை. கடைசியில் 1எஃப்7இல் 20 என்று எழுதினால் ‘படி’, 30 என்று எழுதினால் ‘எழுது’. 1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் காம்பாக்கும் அந்த அட்டையின் மூளையைத் தட்டின் உடலுக்குள்ளேயே கொண்டுபோய்ப் பொருத்தின. வெளியே நின்ற பதிவகங்களின் வடிவம் மாறவில்லை. ஏற்கெனவே எழுதிய மென்பொருள் அப்படியே ஓட வேண்டுமே. இந்த ஏற்பாட்டுக்குச் சந்தையில் ஐ.டி.ஈ. என்று பெயர். தரநிலையாக 1994இல் வந்தபோது ‘ஏ.டி. அட்டாச்மென்ட்’, சுருக்கமாக ஏ.டி.ஏ. ஐ.பி.எம்.மின் கணினிப் பெயரைத் தொடும் விஷயம் என்பதால் தரநிலை அந்த ஏ.டி.யை விரிக்கவே இல்லை. அங்கே ஷூகார்ட்டை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தார்கள். இங்கே எழுத்துகளை வைத்துவிட்டு விரிவை எடுத்துவிட்டார்கள்.

ஏ.டி.ஏ. தன் பிறப்பின் சுமையை நெடுநாள் தூக்கித் திரிந்தது. சிலிண்டர், தலை, துண்டு என்று மூன்று எண்ணால் முகவரி சொன்ன பழக்கம் கணினியைத் துவக்கும் மென்பொருளான பயாஸிலும் இருந்தது, தட்டிலும் இருந்தது; இரண்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் வேறுவேறு எல்லை வைத்திருந்தன. இரண்டிலும் குறைந்ததை எடுத்தால் 1024 சிலிண்டர், 16 தலை, 63 துண்டு. பெருக்கிப் பார்த்தால் 52,84,82,304 பைட். 528 மெகாபைட்டுக்கு மேல் தட்டு வாங்கியவர்கள் 1990களின் நடுவில் பட்ட பாடு இதனால் வந்ததுதான். ஸ்கஸியின் வரிசை எண் யோசனையை ஏ.டி.ஏ.வும் ஏற்றபின் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

அடுத்தது சி.டி. ஏ.டி.ஏ.வின் பதிவகங்கள் வன்தட்டுக்காகச் செய்யப்பட்டவை. தட்டை வெளியே தள்ளு, பாட்டைப் பாடு என்றெல்லாம் அவற்றில் சொல்ல வழியில்லை. ஸ்கஸியில் அந்தக் கட்டளைகள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே ‘பொட்டலம்’ என்று ஒரே ஒரு கட்டளையை ஏ.டி.ஏ.வில் சேர்த்தார்கள்; எண் ஏ0. அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது ஸ்கஸி பாணிக் கட்டளை. பெயர் ஏ.டி.ஏ.பி.ஐ. வெளியே போட்டியாளரின் பெயர், உள்ளே ஸ்கஸியின் பேச்சு. கேபிளில் தோற்ற பக்கம் மொழியில் வென்றது இங்கேதான் தொடங்கியது என்று கருதுகிறேன்.

2003இல் ஏ.டி.ஏ.வின் நாற்பது முனைப் பட்டைக் கேபிளுக்குப் பதிலாக ஏழே முனை கொண்ட மெல்லிய கேபிள் வந்தது, அது சாட்டா. அதுவரை வெறும் ஏ.டி.ஏ.வாக இருந்ததற்குப் பின்னோக்கி ‘பாட்டா’ என்று பெயர் சூட்டினார்கள். லினக்ஸில் பழைய ஐ.டி.ஈ. தட்டுகளுக்கு எச்.டி.ஏ., எச்.டி.பி. என்ற வரிசையும், ஸ்கஸி தட்டுகளுக்கு எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற வரிசையும் தனித்தனியே இருந்தன. சாட்டாவுக்காகப் புதிதாக எழுதப்பட்ட லிப்ஏ.டி.ஏ. என்ற பகுதி, ஸ்கஸி அடுக்கின் கீழே போய் உட்கார்ந்தது. மேலிருந்து வரும் ஸ்கஸி கட்டளையை அது ஏ.டி.ஏ. கட்டளையாக மொழிபெயர்த்துத் தட்டுக்கு அனுப்பும். பிறகு பழைய பட்டைக் கேபிள் தட்டுகளும் அதே வழிக்கு மாறின. 2007இல் வந்த ஃபெடோரா 7இல் எச்.டி.ஏ. மறைந்து எல்லாம் எஸ்.டி.ஏ. ஆயின. அந்த மாற்றத்தைச் சந்தித்த நிர்வாகிகள் தங்கள் அமைப்புக் கோப்புகளில் தட்டின் பெயரைத் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

‘நீ யார்?’ என்ற கேள்விக்கு எட்டெழுத்து இடம் என்றேனே, அதில் லிப்ஏ.டி.ஏ. நிரப்பித் தருவது என்ன தெரியுமா? தட்டைச் செய்த நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘ஏ.டி.ஏ.’ என்ற மூன்றெழுத்தும் ஐந்து வெற்றிடங்களும். எதிர்த்து நின்ற ஒரு தரநிலையின் பெயர், ஸ்கஸியின் படிவத்தில் ஒரு கம்பெனிப் பெயராக எழுதப்பட்டிருக்கிறது. இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டியதில்லை.

விண்டோஸும் இதற்கு வெளியே இல்லை. அதன் சேமிப்பு அடுக்குகளுக்கு இடையே நெடுங்காலமாகக் கைமாறி வரும் விண்ணப்பத்துக்கே ‘ஸ்கஸி ரிக்வெஸ்ட் பிளாக்’ என்றுதான் பெயர். யூ.எஸ்.பி. பென் டிரைவுக்குக் கணினி அனுப்புவது 31 பைட் உறை ஒன்று. அதற்குள் கட்டளைக்கென்று ஒதுக்கிய பதினாறு பைட்டில் இருப்பது ஸ்கஸி, பெரும்பாலும் 28இலும் 2ஏயிலும் தொடங்கும் கட்டளைகள். 2004இல் இணையத்தின் வழியே இதே கட்டளைகளை அனுப்பும் ஐஸ்கஸி தரப்படுத்தப்பட்டது. தரவு மையங்களின் மாபெரும் சேமிப்பகங்கள் அதில் ஓடுகின்றன, பெயரில் மட்டும் இன்னும் ‘சிறு கணினி’. 2011இல் கைபேசிகளுக்கென்று வந்த யூ.எஃப்.எஸ். நினைவகமும் ஸ்கஸியின் கட்டளைத் தொகுதியைத்தான் எடுத்துக்கொண்டது. 2015இல் சாம்சங் கேலக்ஸி எஸ்6இல் அது இருந்தது. அதன்பின் வந்த எத்தனையோ ஆண்ட்ராய்டு கைபேசிகளில் படம் ஒன்றைத் திறக்கும்போது உள்ளே நடப்பது, பௌச்சரின் குழு வகுத்த உரையாடலின் நீட்சி.

ஒரு முறிவு மட்டும் நேர்ந்திருக்கிறது. 2011 மார்ச்சில் வெளியான என்.வி.எம்.ஈ. புதிதாகத் தொடங்கியது. கட்டளை ஒவ்வொன்றும் 64 பைட். வரிசைகள் ஆயிரக்கணக்கில், 65,535 வரை இருக்கலாம். ‘எழுது’ 01, ‘படி’ 02. பழைய எட்டு போயிற்று. லினக்ஸிலும் அதன் தட்டுகளுக்கு எஸ்.டி. வரிசையில் இடமில்லை. தட்டு சுழலும், தலை நகரும், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் நடக்கும் என்ற பழைய காலத்தின் எல்லைகளை விட்டு வெளியே வருவதற்கு அந்த முறிவு தேவைப்பட்டது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே என்.வி.எம்.ஈ. அட்டையை ஒரு யூ.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டுச் செருகினால், பெட்டியின் சில்லு அதற்கு மறுபடி ஸ்கஸி வேடம் கட்டிவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பெயரில் மிஞ்சியிருப்பது என்ன என்று பார்க்கிறேன். ‘சிறு’ என்பது பொருந்தவில்லை. ‘கணினி’ என்பது கைபேசிக்கும் போய்விட்டது. ‘இணைப்புமுறை’ என்ற சொல் கம்பியையும் முனையையும் நினைக்கச் செய்கிறது. அழிந்தது அந்தப் பகுதிதான். வாழ்ந்த பகுதியான கட்டளைமொழியைப் பற்றிப் பெயரில் ஓர் எழுத்தும் இல்லை. நிறுவனத்தின் பெயரை நீக்கிய குழுவைக் குற்றம் சொல்ல முடியாது. ஷூகார்ட் என்ற பெயரோடு இருந்திருந்தால் போட்டி நிறுவனங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டா, மொழி பொதுவாகியிருக்காது. ஆலன் ஷூகார்ட் 2006 டிசம்பரில் காலமானார். அவர் பெயராவது ஃபிளாப்பி கேபிளிலும் வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. பௌச்சரின் பெயர் எந்த விரிவாக்கத்திலும் இடம்பெறவில்லை.

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எழுத்துச்சுருக்கங்களை ‘விரிவாக்கம் தருக’ என்ற ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டு முடித்துவிடுகிறார்கள். கணினியியல் பாடநூல் எழுதுகிறவர்களிடமும் அதை நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஸ்கஸிக்கு வரும்போது அந்த நான்கு சொற்களோடு நிறுத்தாதீர்கள். லாரி பௌச்சரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதன் கீழே 08, 00, 12, 34, 04, 00 என்ற ஆறு பைட்டையும் எழுதி, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று மாணவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.